ஒன்பதாவது பூச்சி

ஜூன் 4

மன்னித்துக்கொள், நோட்டே. மணி பதினொன்றரை. பாப்பா இப்போதுதான் தூங்கினாள். இதை விட்டால் எனக்கு நேரம் ஏது?

பீன்ஸ் கொடியில், இலைக்கு அடியில், ஒரு கேடயப் பூச்சி. பச்சை. சுண்டுவிரல் நகம் அளவு. நான் குனிவதற்குள் பாப்பா பிடித்துவிட்டாள். விரலெல்லாம் அந்த வாடை – கொத்துமல்லியைக் கசக்கி மண்ணெண்ணெயில் நனைத்த மாதிரி. வாயில் வைத்தாளா? பூச்சிக்கு ஆறு காலும் இருந்ததா, ஒன்று குறைந்ததா? பதறிப்போய் டாக்டருக்கு போன் செய்தேன். “கடிச்சா பூச்சிக்குத்தாம்மா ஆபத்து” என்று சிரித்தார்.

மூன்று முறை சோப்பு போட்டுக் கழுவியும் வாடை போகவில்லை. கடைசியில் அந்தக் குட்டிக் கையை என் மூக்கிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஹாஸ்டல் அறை. ஜன்னல் விளிம்பில் பாட்டில்கள். பூதம்.

ஜூன் 5

பூதம் என் ஹாஸ்டல் அறைத்தோழி. முழுப் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. மூக்கில் அவ்வளவு தடித்த கண்ணாடி, போதாததற்குக் கையில் ஒரு லென்ஸ். நான் அவளுக்கு ‘அவசரம்’. “அவசரம், மெதுவா வாடி. செடி எங்கயும் ஓடிப்போகாது.”

கடைசி ஆண்டு ப்ராஜெக்ட்: ஹாஸ்டல் தோட்டத்துக் கேடயப் பூச்சிகள். குடையை விரித்து மல்லாத்திப் பிடித்துச் செடியைத் தட்டுவோம், பூச்சிகள் அதில் விழும். மழை வந்தால் குடை பூச்சிகளுக்கு, நனைவது எங்களுக்கு. அவள் எண்ணிச் சொல்வாள், நான் எழுதுவேன்.

அப்படிச் சிரித்து எத்தனை வருடம் ஆயிற்று?

ஜூன் 9

இன்று வேறொன்று. கறுப்பு, உருண்டை, முதுகில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளிகள். பார்த்ததும் தெரிந்துவிட்டது. இது என்னுடைய ஒன்பதாவது.

அப்போது எட்டு இனம் கிடைத்திருந்தது. இதைச் சேர்த்தால் ஒன்பது, எந்த வருடமும் யாரும் தொடாத எண். பூதம் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

“இது தனி இனம் இல்லடி. நம்ம பச்சையோட குஞ்சு. இறக்கையப் பாரு, வெறும் முளைதான் இருக்கு.”

“மீசைய எண்ணு. பச்சைக்கு அஞ்சு கணு, இதுக்கு நாலு. எப்படி ஒண்ணாகும்?”

“வளர்த்துப் பாத்துட்டு எழுதலாம். பத்து நாள்.”

பத்து நாள் இல்லை, மூன்றாம் நாள் ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். எழுதிவிட்டேன். அவள் ரிப்போர்ட்டிலிருந்து தன் பெயரை அடித்துவிடச் சொன்னாள். “பொறாமை. நான் கண்டுபிடிச்சேன்னு உனக்குப் பொறாமை” என்றேன், மெஸ்ஸில், எல்லோர் முன்னாலும். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். துறையின் சிறந்த ப்ராஜெக்ட் பரிசு எனக்கு மட்டும் வந்தது. ஆறு வருடமாகப் பேச்சில்லை.

ஜூன் 10

ஜாம் பாட்டிலில் அதைப் போட்டு, வாயில் பாப்பாவின் பழைய துணியைக் கட்டினேன். உள்ளே இரண்டு பீன்ஸ்.

அவர் எட்டிப் பார்த்தார். “பாட்டில் கழுவி வெச்சா ஊறுகாய் போடுவாங்க. நாத்தப் பூச்சி வளர்க்கிறவள இன்னைக்குத்தான் பாக்கறேன்.”

“பத்து நாள்தாங்க.”

“அதுக்கு இருக்கிற பொறுமை என் சட்டை பட்டன்மேல இல்லயே!”

எனக்கு என்ன வேண்டும்? என் நாலு கணு சரி என்று நிரூபிக்கவா?

ஜூன் 13

பாப்பா இன்றும் நடக்கவில்லை. பதின்மூன்று மாதம். சோபாவைப் பிடித்து நிற்கிறாள், கையை விட்டால் தொப்பென்று உட்கார்ந்துவிடுகிறாள். பூச்சியும் சாப்பிடவில்லை.

ஜூன் 16

துணியில் தலைகீழாகத் தொங்குகிறது. அசையவே இல்லை. தட்டினேன், ஊதினேன். ஐயோ, கொன்னுட்டேனா? துணிய ரொம்ப இறுக்கிக் கட்டிட்டேனோ? ஒரு பூச்சியக்கூட உயிரோட வெச்சுக்கத் தெரியலயே எனக்கு.

ஜூன் 17

காலை ஆறு மணி. கறுப்புத் தோல் முதுகில் பிளந்து துணியில் ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் வெளிறிய, ஈரமான ஒரு கேடயம், முழு இறக்கையோடு. பாப்பாவுக்குக் கஞ்சி ஊட்டி முடிப்பதற்குள் பச்சை ஏறத் தொடங்கிவிட்டது.

அவர் வாட்ச் ரிப்பேருக்கு வைத்திருக்கும் லென்ஸை வாங்கி மீசைக் கணுக்களை எண்ணினேன். உரித்த தோலில் நாலு கணு. பூச்சிக்கு ஐந்து.

திரும்ப எண்ணினேன். ஐந்துதான்.

ஜூன் 18

அன்று தெரியாமலா எழுதினேன்? இறக்கை முளையை நானும்தான் பார்த்தேன். கணு எண்ணிக்கை கிடைத்ததும் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான். பத்து நாள் கேட்டவளுக்குப் பொறாமைக்காரி என்று பட்டம் கட்டினேன்.

அவரிடம் எல்லாம் சொன்னேன். கேலி செய்வார் என்று நினைத்தேன். “என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? அவங்ககிட்ட சொல்லு” என்று மட்டும் சொல்லிவிட்டு, பாட்டிலைத் தோட்டத்துக்கு எடுத்துப் போய் அவரே திறந்துவிட்டார்.

ஜூன் 20

மூன்று தாள் கிழித்த பிறகு, இன்று தபாலில் சேர்த்தது. நகல் இங்கே:

பூதம்,

உன் அம்மா வீட்டு விலாசம்தான் என்னிடம் இருக்கிறது. அவர்கள் உனக்கு அனுப்பிவைப்பார்கள் என்று நம்புகிறேன்.

வளர்த்துப் பார்த்தேன். எட்டு நாளில் பச்சையானது. இந்தத் தாளில் ஒட்டியிருப்பது அதன் தோல். உடைந்துவிடும், லென்ஸை வைத்து மெதுவாகப் பார். எட்டு இனம்தான், ஒன்பது இல்லை. துறைக்கும் இன்றே எழுதிவிட்டேன்: ரிப்போர்ட்டில் ஒன்பதாவது தவறு, அதை அப்போதே சொன்னது நீ, கேட்காதது நான்.

மெஸ்ஸில் சொன்னதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. உனக்குப் பொறாமை இல்லை. பேராசை எனக்குத்தான். மன்னித்துவிடு என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்.

எனக்கு ஒரு பெண் இருக்கிறாள். இன்னும் நடக்கவில்லை, நான் தினமும் பயப்படுகிறேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால் “பொறுடி” என்று அதட்டியிருப்பாய்.

திட்டியாவது இரண்டு வரி எழுது. சீக்கிரம் பதில் போடு.

அவசரம்