அப்பா கேட்டு வாங்கிய ஒரு மணி நேரம்

பிப்ரவரி 9

அன்புள்ள அக்கா,

உன் பெற்றோர் (இனி மூன்று மாதத்துக்கு என் பெற்றோர்) பத்திரமாக வந்து சேர்ந்தார்கள். என்னைப் பார்த்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "என்னடி இப்படி ஊதிட்டே?" அப்பா, "விடு, பெட்டி தூக்க ஆள் பலமா வேணும்ல" என்றார். ஆனந்தக் கண்ணீர் அத்தோடு முடிந்தது.

என் வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. அப்பா படிக்கட்டுத் திருப்பம் ஒவ்வொன்றிலும் நின்று ஜன்னல் வழியாக வேடிக்கை பார்க்கிறார். தெரிவதெல்லாம் எதிர்க் கட்டடத்துச் சுவரும் ஒரு குழாயும்தான்.

பகலில் வழக்கம்போல லேபில் பல் செட் செய்கிறேன். சாயங்காலமும் சனிக்கிழமையும் சங்க வேலை. தனியாக இருக்கும் வயசானவர்கள் வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் பேச்சுத்துணையாக உட்காருவது, சம்பளம் இல்லாமல். "உன்னைப் போய் இதுக்குக் கூப்பிடறாங்களா?" என்று அம்மா வியந்தாள். அங்கே அவர்கள்தான் பேசுவார்கள், நாங்கள் புத்தி சொல்லக் கூடாது, குறுக்கே பேசக் கூடாது என்று பெருமையாக விளக்கினேன். அப்பா மட்டும் சாப்பாட்டை நிறுத்திவிட்டு, "ஒரு மணி நேரமும் பேச மாட்டியா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

உன்
வாயாடி


பிப்ரவரி 21

வாயாடிக்கு,

அவர் வேடிக்கை பார்க்கவில்லையடி. மூச்சு வாங்குகிறார். போன் போட்டால் இரண்டு பேரில் ஒருத்தர் பக்கத்திலேயே இருக்கிறார், அதனால்தான் எழுதுகிறேன்.

இதயத்தில் வால்வு கெட்டுவிட்டது. ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்கிறார் டாக்டர். இந்த வயதில் அதுவும் ஆபத்துதான் என்றும் அவரே சொல்கிறார். விமானம் ஏறவே அரை மனசாகத்தான் விட்டார். அப்பா ஆபரேஷன் முடியாது என்றுவிட்டார். கெஞ்சினேன், கத்தினேன், சாப்பிடாமல் கிடந்தேன். இளைத்தது அம்மாதான்.

நீ சொன்னால் கேட்பார். சின்ன வயசிலிருந்தே உன் வாய்க்குத்தான் பயம் அவருக்கு. ஊர் சுற்றிப் பார்க்கவா அனுப்பினேன்? சம்மதிக்க வைத்துத் திருப்பி அனுப்பு.

அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்கா,

யாருடையதோ கீழ்த்தாடை அச்சைக் கையில் வைத்துக்கொண்டு உன் கடிதத்தைப் படித்தேன். அந்தப் பாவப்பட்ட மனுஷருக்குப் பல் கோணலாகிவிட்டது.

அன்று முதல் தினமும் ஆரம்பிக்கிறேன். "அப்பா, உங்க ஹார்ட்" என்றால் போதும், பாத்ரூமுக்குள் போய்விடுகிறார். நான் விடுவேனா? கதவுக்கு வெளியே நின்று பேசினேன். "உள்ள போன மனுஷனையாவது நிம்மதியா விடுடி" என்றாள் அம்மா. ஏன் வேண்டாம் என்கிறார் என்று அவர் இன்னும் சொல்லவில்லை. நான் இடம் கொடுத்தால்தானே.

நேற்று சங்கத் தலைவி கூப்பிட்டாள். "உன் மொழி மட்டும் தெரிஞ்ச ஒரு தம்பதி. பகலெல்லாம் தனியா இருக்காங்களாம். ஏப்ரல் முதல் சனிக்கிழமை நாலு மணிக்குப் போறியா?" ஐயோ பாவம் என்று ஒப்புக்கொண்டு விலாசத்தை எழுத ஆரம்பித்தேன். மூன்றாம் மாடி வரை எழுதிய பிறகுதான் கை நின்றது. அது என் வீடு. கீழ்வீட்டு டீச்சரம்மா நம் மொழிக்காரர். அவரை விட்டுச் சங்கத்துக்குப் போன் பேசச் சொல்லியிருக்கிறார் உன் அப்பா.

லேபில் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை. போகட்டுமா?

வாயாடி


மார்ச் 27

போ. ஆனால் அந்த விதியெல்லாம் உன் சங்கத்தோடு. நீ பேசு. சம்மதம் வாங்காமல் எழுந்திருக்காதே.

அக்கா


ஏப்ரல் 6

அன்புள்ள அக்கா,

சங்கத்து அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு என் வீட்டு மணியை நானே அடித்தேன். அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் கதவைத் திறந்தார். "வாங்க, உக்காருங்க." ஐம்பது வயசில் முதல் தடவையாக அப்பாவிடம் மரியாதை கிடைத்தது. "ரெண்டும் நடிக்கிற அழகைப் பாரு" என்று முணுமுணுத்தபடி அம்மா பிஸ்கட் தட்டை வைத்துவிட்டு அவளும் உட்கார்ந்தாள்.

"எங்களுக்கு ரெண்டு பொண்ணுங்க. ரெண்டும் தங்கம். ஒருத்தி அழுவா, ஒருத்தி பேசுவா. அதனால ரெண்டு பேர்கிட்டயும் ஒண்ணு சொல்ல முடியல" என்றார்.

நீ சொன்னது நாக்கு நுனி வரை வந்தது. அவர் என் அட்டையைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன்.

"எனக்குப் பயம் இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆபரேஷன் பண்ணா பொழைக்கலாம். மேஜையிலயே போயிடவும் செய்யலாம். எங்க அண்ணன் ஆஸ்பத்திரியில கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் தனியாப் போனான். எனக்கு அது வேண்டாம். இருக்கிற வரைக்கும் இவ பக்கத்துல இருந்துட்டு, இவ பக்கத்துலயே போறேன். ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணியாச்சு."

அம்மா, "ஆமா" என்றாள். அக்கா, அவளுக்கும் சம்மதம். நீயும் நானும் அவளை ஒரு வார்த்தை கேட்டோமா?

ஒரு மணி ஆனதும், "நன்றிம்மா, போயிட்டு வாங்க" என்று வாசல் வரை வந்து அனுப்பிவிட்டார். கீழே தெருவில் நின்று, மகளாகச் சொல்ல வேண்டியதை அடுக்கினேன். நல்ல வாக்கியங்கள், நீயே மெச்சியிருப்பாய். மாடி ஏறிக் கதவைத் திறந்தால், அவர் நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தார். வந்த நாளாகத் தலையணை மேல் தலையணை வைத்து முழித்துக் கிடந்த மனிதர். அம்மா என்னைப் பார்த்து வாயில் விரல் வைத்தாள்.

இனி அவரிடம் அந்தப் பேச்சை எடுக்க மாட்டேன். நீ என்னை மன்னிக்க ரொம்ப நாளாகும், தெரியும். மே மாதம் அவர்களோடு நானும் வருகிறேன். லேபில் சொல்லிவிட்டேன். திரும்பி வர டிக்கெட் எடுக்கவில்லை.

என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை. விமான நிலையத்தில் ஒரு சக்கர நாற்காலிக்கு மட்டும் சொல்லி வை. அம்மாவுக்கு என்று அவரிடம் சொல்லிக்கொள்ளலாம்.

உன்
தங்கை