நாலு பேர் அறை

மே 9, வெள்ளி

பெட்டி கட்டியாயிற்று. என் துணி கால் பெட்டி. மீதி முக்காலும் தம்பி பெண்டாட்டி கொடுத்தனுப்பிய பிள்ளைகளின் நீச்சல் உடை, மிதவை, தொப்பி.

ரத்தம் எடுக்கிற லேபில் ஒரு வாரம் லீவு சொன்னேன். "கல்யாணமா?" என்றார் டாக்டர். நாற்பத்தாறு வயதுக்காரியிடம் கேட்கிற கேள்வியா இது? "இல்ல சார், ராட்டினம் எல்லாம் இருக்கற பார்க்குக்குப் போறோம்" என்றேன். அதற்கும் சிரித்தார்.

தம்பி போன மாதம் கேட்டது இதுதான்: "வேலைய விட்டுட்டு எங்ககூட வந்துடேன்க்கா. தனியா இருந்து என்னத்தக் கண்ட?" அவன் பெண்டாட்டி மறுபடி ஆபீஸ் போகப்போகிறாள், பிள்ளைகளைப் பார்க்க ஆள் வேண்டும். அதை அவன் சொல்லவில்லை. "குடும்பத்தோட இரு" என்றுதான் சொன்னான். "பார்க்கலாம்" என்றேன். எங்கள் வீட்டில் நான் சொல்லும் "பார்க்கலாம்" எல்லாம் "சரி" என்றே எடுத்துக்கொள்ளப்படும். திரும்பி வந்ததும் நான் லேபில் சொல்லிவிட வேண்டும் என்று அவனே முடிவும் செய்துவிட்டான்.

உண்மையைச் சொன்னால் எனக்கும் ஆசைதான். எத்தனை வருஷமாக ஒற்றைத் தட்டையே கழுவிக்கொண்டிருப்பது?

மே 11, ஞாயிறு

வந்து சேர்ந்தோம். ஹோட்டல் வாசலில் கண்ணாடி போட்ட நீர்யானைப் பொம்மை, பார்க்கின் சின்னமாம் அது. குழந்தை குட்டியோடு வருகிறவர்களுக்கான ஹோட்டல், விலையும் கையைக் கடிக்காது.

வண்டி நின்ற பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். அறை நாலு பேருக்குத்தான் போட்டிருக்கிறது. ஐந்தாவது ஆளென்றால் கூடக் கேட்பார்களாம். "அக்கா, நீ கார்லயே இரு, நான் உள்ள போய் சைடு கதவத் திறந்து விடறேன்" என்றான்.

குப்பைத்தொட்டிகளைத் தாண்டி ஒரு இரும்புக் கதவு. அதற்குள் நுழைந்தால் துணி துவைக்கிற இடத்துச் சூடு முகத்தில் அடிக்கிறது. பின்படிக்கட்டில் பூனைபோல ஏறினேன். மூத்தவனுக்கு ஒரே குஷி. "அத்தையக் கடத்திட்டு வந்துட்டோம்!" என்று குதித்தான். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

பெரிய கட்டில் அவர்களுக்கு, மேலும் கீழுமான கட்டில் பிள்ளைகளுக்கு. எனக்குக் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் ஒரு போர்வை. திரும்பிப் படுத்தால் ஏணி இடிக்கிறது.

மே 12, திங்கள்

சின்னவளுக்கு நாலு வயது, பெரிய ராட்டினங்களுக்கு உயரம் பத்தாது. அதனால் அவளும் நானும் அறையில். இதற்குத்தான் என்னைக் கூட்டி வந்தார்கள் என்று புரிந்துகொள்ள எனக்கு அரை நாள் ஆயிற்று. மக்கு.

காலைச் சாப்பாடும் நாலு பேருக்குத்தான். தம்பி பெண்டாட்டி ரொட்டியும் அவித்த முட்டையும் டிஷ்யூவில் சுற்றிக் கைப்பையில் கொண்டு வந்தாள். "சூடா இருக்கறப்பவே சாப்ட்ருங்க அண்ணி." சூடாக இல்லை. அவள் கெட்டவள் இல்லை, அதுதான் தொல்லை. கெட்டவளாக இருந்தால் ஒரே நாளில் தீர்த்துவிட்டிருப்பேன். ஊசி குத்துவதுதானே என் பிழைப்பு.

ஜன்னல் வழியாக ராட்டினத்தின் உச்சி மட்டும் தெரிகிறது. ஜனங்கள் அலறுவது இங்கே வரை கேட்கிறது. டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் அலறுகிறார்கள். எங்கள் லேபுக்கு வந்தால் சும்மாவே அலறலாம்.

அறையைச் சுத்தம் செய்ய ஒரு அம்மா வந்தார். என்னைப் பார்த்தார், மூலையில் மடித்து வைத்த போர்வையைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் ஒரு துண்டு அதிகமாக வைத்துவிட்டுப் போனார். எனக்கு அவமானமாக இருந்தது.

மே 13, செவ்வாய்

சின்னவள் வண்ணம் தீட்டிக்கொண்டே சொன்னாள்: "அத்தை, எங்க வீட்டுக்கு வந்தா நீ சாமான் ரூம்லதான் படுக்கணுமாம். உனக்காக அப்பா பழைய சைக்கிளக்கூட வெளிய தூக்கிப் போட்டுட்டாரு."

சைக்கிள் காலி செய்த இடத்துக்கு நான்.

சாயங்காலம் தம்பியிடம் கேட்டேன். மழுப்பவில்லை. "சின்ன ரூம்தான்கா. ஜன்னல் போட்டுத் தரேன்" என்றான். போட்டுத் தரேன் என்றால் இப்போது இல்லை என்றுதானே அர்த்தம்?

ஆனாலும் என்ன. சின்னவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கினாள். ஜன்னல் இல்லாமலும் மனுஷர்கள் இருக்கத்தானே செய்கிறார்கள்.

மே 14, புதன்

நாளைக்கு என்னையும் பார்க்குக்குக் கூட்டிப் போகிறார்களாம். சந்தோஷமாக இருக்கிறது. எழுதவே கூச்சமாகவும் இருக்கிறது.

மே 15, வியாழன்

எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

காலையில் அவர்கள் நாலு பேரும் கீழே சாப்பிடப் போனார்கள். பார்க்குக்குக் கிளம்ப வேண்டுமே என்று நான் குளித்துக்கொண்டிருந்தேன். தலையில் ஷாம்பு. திடீரென்று மணி. நெருப்பு மணி. காதைக் கிழிக்கிறது. கிடைத்ததை மாட்டிக்கொண்டு வெளியே வந்தால் நடைபாதையில் ஒருத்தரும் இல்லை, கருகல் வாசனை. எனக்குத் தெரிந்த வழி பின்படிக்கட்டுதான். அதில் ஓடினேன். கண்ணெல்லாம் எரிச்சல்.

எல்லோரும் கார் நிறுத்துகிற இடத்தில் நின்றார்கள். நான் ஓரத்தில் ஒரு வேனுக்குப் பின்னால் வந்து சேர்ந்தேன். மேனேஜர் அறை அறையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்கள் அறை வந்தது. தம்பி கையைத் தூக்கினான்.

"நாலு பேரும் இருக்கோம்."

"மேல யாராவது இருக்காங்களா சார்?"

"யாரும் இல்ல."

சின்னவள் கத்தினாள்: "அத்தை மேல குளிக்கிறாங்க!"

அவள் அம்மா அவள் முகத்தைத் தன் தோளில் அழுத்திக்கொண்டாள். தம்பி சிரித்தான். "சின்னப் பிள்ளை, ஏதோ உளறுது" என்றான். மேனேஜர் அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

அப்போ நான் என்ன செஞ்சிருக்கணும்? வெளிய வந்து "இதோ இருக்கேன்டா"ன்னு கத்தியிருக்கணும்ல? செய்யலையே. குனிஞ்சேன். அந்த வேனுக்குப் பின்னாடி நானும் குனிஞ்சேன், மேனேஜர் பாத்துடக் கூடாதுன்னு. தம்பி மாட்டிக்கக் கூடாதுன்னு. த்தூ. என்ன பொம்பள நான்?

ரொட்டி சுடுகிற மெஷினில் எதுவோ கருகிய புகையாம். எல்லோரையும் உள்ளே போகச் சொல்லிவிட்டார்கள். ஓடின அவசரத்தில் சைடு கதவும் அறைக் கதவும் திறந்தே கிடந்தன; நான் வந்த வழியே மேலே போய்த் தலையை அலசினேன். அறைக்கு வந்ததும் தம்பி கேட்ட முதல் கேள்வி:

"சைடு வழியாதானே வந்த? யாரும் பாக்கலையே?"

பார்க்குக்குப் போகவில்லை, தலைவலி என்றேன். "அப்ப சின்னவளையும் உங்ககிட்டயே விட்டுட்டுப் போறோம் அண்ணி" என்றாள்.

மே 16, வெள்ளி

திரும்பி வரும்போது காரில் யாரோடும் பேசவில்லை. எனக்குக் குமட்டுகிறது என்று நினைத்து மிட்டாய் கொடுத்தார்கள்.

மே 19, திங்கள்

லேப். முதலில் வந்தவர் ஆறடி ஆள், ஊசியைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டார். "முடிஞ்சிடுச்சு சார்" என்ற பிறகும் திறக்கவில்லை. டாக்டர் வந்து "பார்க் எப்படி?" என்றார். "நல்லா இருந்துச்சு சார்" என்றேன். அப்போதே வேலையை விடுகிற விஷயத்தையும் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

மே 22, வியாழன்

இன்றும் சொல்லவில்லை.

மே 25, ஞாயிறு

தம்பி போன் செய்தான். அடுத்த ஞாயிறு என் சாமான்களை ஏற்ற வண்டி சொல்லிவிட்டானாம். வர வேண்டாம் என்றேன். "ஏன்கா? அந்த ரூம் விஷயமா? ஜன்னல் போடறேன்னு சொன்னேன்ல?"

நிறைய யோசித்து வைத்திருந்தேன். எல்லாம் மறந்துபோய் இது ஒன்றுதான் வாயில் வந்தது: "அன்னைக்கு மேல யாரும் இல்லன்னு சொன்னியே, நிஜமாவே தீ பிடிச்சிருந்தா?"

டிவி சத்தத்தைக் குறைத்தான். பிறகு சொன்னான்:

"அதான் ஒண்ணும் ஆகலையேக்கா."

நீ மேலே இருந்ததையே மறந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். மறதி எங்கள் குடும்பச் சொத்து. இவன் மறக்கவில்லை. போனை வைத்துவிட்டு நன்றாக அழுதேன். நான் கைபிடித்து நடக்கப் பழக்கிய பயல்.

சின்னவளை மட்டும்தான் விட மனசில்லை.

ஜூன் 1, ஞாயிறு

வண்டி வரவில்லை. காலையில் வீட்டுக்கார அம்மா மாடியேறி வந்தார். வாடகை வருஷம் முடிகிறதாம். "இருக்கப் போறியா, காலி பண்ணப் போறியா?"

"இருக்கேன்மா."

"தண்ணிக்குக் கணக்கு போடணும். வீட்ல எத்தன பேரு?"

அவருக்குத் தெரியாததில்லை. இருந்தாலும் ஒவ்வொரு வருஷமும் கேட்பார்.

"ஒருத்தி" என்றேன். அடுத்த வீடு வரை கேட்டிருக்கும்.

"எனக்குக் காது நல்லாதான் கேக்குதும்மா" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.