முப்பத்தொன்பது டிகிரி

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

நலம். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

போன வாரம் எனக்குக் காய்ச்சல். இந்த நாட்டுத் தெர்மாமீட்டர் முப்பத்தொன்பது காட்டியது. அறையில் உடனிருக்கும் வெல்டர், “நூறைக்கூடத் தொடலையேண்ணே, இதுக்கா இழுத்துப் போத்திக்கிட்டீங்க?” என்றான்.

நான் அடுப்படியில் வெங்காயம் உரிக்க, கூடத்தில் உன் வேதியியல் டியூஷன் பிள்ளைகள் ராகம் போட்டுச் சொல்வார்களே: ஒன்பதால் பெருக்கு, ஐந்தால் வகு, முப்பத்திரண்டைக் கூட்டு. அதே ராகத்தில் போர்வைக்குள் செல்சியஸை பாரன்ஹீட்டாக மாற்றினேன். நூற்றிரண்டு.

இப்போது குணமாகிவிட்டது. அம்மாவுக்கு முப்பத்தொன்பது என்று மட்டும் படித்துக் காட்டு. உன்னிடம் அது செல்லாது. அதனால்தான் எழுந்து நடமாடிய பிறகு எழுதுகிறேன்.

யாராவது இங்கு வந்தால் நம் வீட்டுத் தெர்மாமீட்டரைக் கொடுத்தனுப்பு. கம்பெனி வண்டி வந்துவிட்டது.

உன் வீட்டுக்காரன்