குழுவிலிருந்து உங்களை நீக்கியது நான்தான்

நைனாவுக்கு உங்கள் மகள் யுவஸ்ரீ வணக்கத்துடன் எழுதுவது. முட்டிவலி குறைந்ததா? ஈரோட்டில் நான் நலம். போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

அகதிகளுக்கு உதவும் சின்ன அமைப்புகள் செலவில்லாமல் பேசிக்கொள்ள நாங்கள் நடத்தும் வாட்ஸ்அப் குழுவில், என் வேலையைப் பாருங்கள் என்று உங்களைச் சேர்த்தேன். தினமும் திருத்தணி முருகன் படம் போட்டீர்கள், பொறுத்துக்கொண்டேன்.

அகதிகள் முகாமில் இருக்கும் தர்சினி அக்கா, தன் மகனுக்கு இன்சுலின் வேண்டும் என்று குழுவில் கேட்டார். "நமக்கே கெடைக்கல, இவங்க கேட்டுகினே இருக்காங்க" என்று எழுதினீர்கள். அக்கா உடனே குழுவை விட்டுப் போய்விட்டார். அதனால்தான் உங்களை நீக்கினேன். மறுபடி சேர்க்கச் சொல்லாதீர்கள்.

என் கம்பளியை மட்டும் அனுப்புங்கள். அறையில் தனியாகப் படுக்கக் குளிர்கிறது.

இன்சுலினை நானே முகாமுக்குக் கொண்டுபோனேன். "யாரும்மா அந்தத் திருத்தணிக்காரர், உனக்குத் தெரிஞ்சவரா?" என்றார் அக்கா. தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

யுவஸ்ரீ