கடைக் கம்ப்யூட்டருக்கு இரண்டு காவல்

அன்புள்ள பெரியவனுக்கு, அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மா தினமும் இரண்டு தெரு நடந்துவிட்டு வந்து, டாக்டரைவிட அதிகமாக எனக்குப் புத்தி சொல்கிறாள், அந்த அளவுக்குத் தேறிவிட்டாள். நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருந்தால் எங்களுக்கு அதுவே போதும். போனில் சொன்னால் நீ பாதியிலேயே பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் கடிதம்.

போன வாரம் நம் கண்ணாடிக் கடைக் கம்ப்யூட்டர் படுத்திய பாடு சொல்லி மாளாது. மௌஸைத் தட்டிவிட்டு நான் ஒரு ஃபிரேமுக்கு ஸ்குரூ முடுக்கி முடித்தாலும் திரை அப்படியே மரம் மாதிரி நிற்கும். கடைசியில் லென்ஸ் ஆர்டர் போடுகிற புரோகிராமே காணாமல் போய்விட்டது, எல்லோருடைய பவரும் அதற்குள்தான் இருக்கிறது. பஸ் டிரைவர் ஒருவர் கண்ணாடி இல்லாமல் வண்டி எடுக்க முடியவில்லை என்று வந்து வந்து போகிறார், எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. உன் தங்கைக்குச் சொன்னேன், மறுநாள் லீவு போட்டுவிட்டு முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கினாள்.

கண் பரிசோதிக்கிற ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவள் கொஞ்ச நேரத்தில் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். வைரஸும் இல்லை கீரஸும் இல்லைப்பா, காவல்தான் ஜாஸ்தி என்றாள். நீ வெளிநாட்டுக்குக் கிளம்பும்முன் போட்டுவைத்த ஆன்டிவைரஸ் ஒன்று, சமீபத்தில் அவள் வந்தபோது போட்டது இன்னொன்று. நான் ஒரு ஃபைலைத் திறந்தால் உன்னுடையது அதைச் சோதிக்குமாம், இது யார் ஃபைலைத் தொடுவது என்று அவளுடையது சந்தேகப்படுமாம், அதைப் பார்த்து உன்னுடையது உஷாராகுமாம். ஒரே வாசலில் இரண்டு வாட்ச்மேன் ஒருத்தன் சட்டையை ஒருத்தன் பிடித்துக்கொண்டு நிற்கிற கதை. இந்த இழுபறியில் உன்னுடையது என் ஆர்டர் புரோகிராமையே திருடன் என்று பூட்டி வைத்திருக்கிறது. என் கை படக்கூடாது என்று நீ ஐகானை மறைத்து வைத்திருந்தாய், அதனால் தன்னுடையதைப் போட்ட அன்றைக்கு அவள் கண்ணில் அது படவில்லை. அது பாதி ஏறும்போதே பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டாள். ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்று திரையில் பெட்டி வந்தபோது ஓகே அமுக்கியவன் சாட்சாத் நான்தான். நீ போட்டபோதும் சரி என்றேன், அவள் போட்டபோதும் சரி என்றேன். உன் பேச்சை எடுத்தால் அவள் முகம் மாறும், அவள் பேச்சை எடுத்தால் உன் குரல் மாறும், நான் பூம்பூம் மாடு மாதிரி இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டே இருந்துவிட்டேன்.

ஒன்றை எடுத்தாக வேண்டும் என்றாள். பூட்டி வைத்தது உன்னுடையது, அதைத்தான் எடுப்பாள் என்று நினைத்தேன். அவள் எடுத்தது தன்னுடையதை! ஏன் என்று கேட்டதற்கு, அண்ணன் இதை எவ்வளவு யோசித்து வைத்திருக்கிறான் பாருங்கள் என்று காட்டினாள். முழுச் சோதனை தினமும் ஒன்றரை மணிக்கு ஓடும்படி வைத்திருக்கிறாய், நான் கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போகிற நேரம். அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டும் நீங்கள் சாப்பிடுகிற நேரம் அவனுக்குத் தெரிந்திருக்கிறது என்று சொல்லி அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் ஆர்டர் புரோகிராம் நம்மாள்தான் என்று உன்னுடையதற்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு எழுந்தாள். டிரைவருக்குக் கண்ணாடி வந்துவிட்டது. எனக்குப் பெருமை பிடிபடவில்லையடா, உன்னை நினைத்தும்தான், ஆனால் அன்றைக்கு அவளை நினைத்துக் கொஞ்சம் அதிகம்.

இதை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றாள். வழக்கம்போல் தலையாட்டினேன், இதோ சொல்லியும்விட்டேன். இனி ஆட்டுவதாக இல்லை. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது, பக்கத்து ஊரில் இருந்துமா கவனிக்காமல் விட்டாய் என்று அவளைக் கேட்டாயே, அது தப்பு. பயத்தில் கேட்டாய், எனக்குத் தெரியும். ஆனால் அம்மாவுக்கு முடியவில்லை என்று முதலில் கண்டுபிடித்ததே அவள்தான். அம்மா வீடு திரும்புகிறவரை அந்த வார்டு பெஞ்சை விட்டு அவள் நகரவில்லை. இதை அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

உடம்பைப் பார்த்துக்கொள், குளிரில் காதை மூடிக்கொண்டு போ, எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு. ஒன்று மட்டும் மறக்காதே. அவளும் ஒன்றரை மணிக்குத்தான் சாப்பிட உட்காருவாள், உனக்கு அது விடிகாலை, பரவாயில்லை, எழுந்து கூப்பிடு.

அன்புடன்,
அப்பா