சரோவுக்கு மணம் தெரியாத நவம்பர்

1986 நவம்பர் 8, சனி

காற்று. பூமியின் இந்தத் தெற்குப் பாதியில் வசந்தம் இப்படித்தான்: காலையில் வெயில், பத்து மணிக்கு மழை, பதினொன்றுக்குத் திரும்ப வெயில். உடுப்புக் கொடியில் போட்டதை மூன்று தரம் எடுத்தாயிற்று.

வேலை: தக்காளிக்குத் தடி நட்டது, 14. சில்வர்பீட் கீரைப் பாத்தியில் நத்தை பொறுக்கியது. புல் வெட்டவில்லை.

சரோ ஆறரைக்கே தோட்டத்தில். யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் இதேதான். புதினாவில் ஓர் இலை, கொத்தமல்லியில் ஒன்று, எலுமிச்சையில் ஒன்று, பிறகு தக்காளித் தண்டில் விரலால் ஓர் உரசல். கசக்கி மூக்கருகே வைத்து, கண்ணை மூடிப் பத்து வரை எண்ணுகிறாள். இலையைப் போட்டுவிட்டு அடுத்த செடி. முகத்தில் ஒன்றும் இல்லை, சலிப்புக்கூட இல்லை.

யூலையில் வந்த காய்ச்சலோடு மணம் போனது. நாலு மாதம். உப்பு, புளி, உறைப்பு நாக்குக்குத் தெரிகிறது. மற்றபடி சீரகமும் மரத்தூளும் ஒன்று என்கிறாள். டொக்டர்: வரலாம், வராமலும் விடலாம். அவ்வளவுதான்.

எனக்கும் மாலினிக்கும் தவிர ஒருவருக்கும் தெரியாது. மகளுக்கு ஒன்பது வயது. ரகசியம் காப்பதில் என்னைவிடக் கெட்டி.

பிரச்சினை 22ஆம் திகதி. சரோவின் சிநேகிதி லலிதா அக்காவின் மகளுக்கு நிச்சயதார்த்தம். மவுண்ட் ரோஸ்கில் தேவாலய மண்டபம், அறுபது பேர். சமையல் சரோ என்று யூனிலேயே பேச்சு. "இப்பவே சொல்லி விலகலாம்" என்றேன்.

"ஏன்? கை இருக்குத்தானே."

நவம்பர் 10, திங்கள்

அலுவலகத்தில் நாள் முழுக்க ஒரே வரைபடம், டிரெய்னேஜ். கழுத்து வலி.

ஐந்தரைக்கு வீடு வந்தால் கதவைத் திறக்கும்போதே புகை. குசினியில் சரோ மேசையில் இருந்து பிரோட் பீன்ஸ் அவரை உரித்துக்கொண்டிருக்கிறாள், அடுப்புக்கு முதுகு காட்டி. றேடியோ பாடுகிறது. பின்னால் பால் வற்றி, சட்டி கறுத்து, கைப்பிடி உருகத் தொடங்கிவிட்டது.

"தெரியேல்லையா உமக்கு?" என்று கத்திவிட்டேன். கேட்டிருக்கக் கூடாத கேள்வி.

அவள் யன்னல் எல்லாம் திறந்தாள். கம்பி நாரால் சட்டியைத் தேய் தேய் என்று தேய்த்தாள். "வீடு எரிஞ்சாலும் நான் பீன்ஸ் உரிச்சுக்கொண்டுதான் இருப்பன் போல" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

பக்கத்தில் இருந்து மிச்சத்தை உரித்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை. நாளை கேட்க வேண்டும்.

நவம்பர் 12, புதன்

மழை. மன்னிப்புக் கேட்டாயிற்று. "எதுக்கு?" என்றாள். மறந்துவிட்டாளாம். பொய்.

குளிர்சாதனப் பெட்டியில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறாள். பள்ளிக்கூட ரீச்சர் எழுத்து, அடிக்கோடு போட்டு:

1. அடுப்பு எரியும்போது முதுகு காட்டுவதில்லை.
2. வறுக்கும்போது றேடியோ இல்லை.
3. மல்லி: சத்தம் மாறும்வரை.
4. மிளகாய்: நிறம். வெள்ளைச் சோசரில் வறுக்காத ஒன்றை வைத்து ஒப்பிடுக.
5. இவருடைய மூக்கு.

வறுபடும் மல்லிக்குச் சத்தம் மாறுமா என்று கேட்டேன். பக்கத்தில் நிற்க வைத்தாள். முதலில் மணலைக் கிளறுவது போல. ஐந்து நிமிஷத்தில் அந்தச் சத்தம் மெலிந்து, உலர்ந்து, சருகு போல. அந்த நேரம்தான் இறக்கினாள். முகர்ந்து பார்த்தேன். அச்சொட்டான பதம். பன்னிரண்டு வருஷம் இவளோடு சாப்பிட்டிருக்கிறேன், இது தெரியாது.

நவம்பர் 15, சனி

ஒத்திகைச் சமையல். ஐந்தாம் விதியாக நான் ஒரு ஸ்டூலில்.

"சொல்லுங்கோ."

"மணக்குது."

"மணக்குது எண்டு பூனையும் சொல்லும். என்ன மாதிரி மணக்குது?"

"நல்ல மணம்."

கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இஞ்சேருங்கோ, எனக்குத் தெரியாது. நீங்கள் சொன்னால்தான் எனக்கு இருக்கு. வடிவாச் சொல்லுங்கோ."

திரும்ப முகர்ந்தேன். யோசித்தேன். வெந்தயம் கொஞ்சம் தூக்கல், கசப்பாக, புதுத் தோல் சப்பாத்துப் பெட்டியைத் திறந்த மாதிரி என்றேன். உடனே ஒரு கரண்டி தேங்காய்ப்பால் விட்டாள். பிறகு? இப்போது சப்பாத்து இல்லை. மழை விழுந்த சீமெந்து. அதற்குப் பின்னால் கறிவேப்பிலை.

"ஓம். அதுதான்" என்றாள், தனக்கே தெரிந்தது போல.

மாங்காய்க்குப் பதில் தோட்டத்து ருபார்ப் தண்டில் பச்சடி. வெல்லம், கடுகு, மிளகாய். புளிப்பு நாக்குக்குத் தெரிவதால் இது முழுக்க அவள் ராச்சியம். மாலினி கோப்பையை வழித்துவிட்டு "கேன் ஐ ஹாவ் சம் மோர்?" மூன்று தரம்.

நவம்பர் 20, வியாழன்

விடிய விடியக் காற்று. பிரோட் பீன்ஸ் முழு வரிசையும் நிலத்தில். சனிக்கிழமைக்கு என்று விட்டிருந்தது. சரோ போய்ச் சுற்றிப் பார்த்தாள், ஒரு காயைப் பிளந்தாள், "முத்தேல்லை. இதுதான் நல்லது" என்றாள்.

பக்கத்து வீட்டு மெலே வேலிக்கு மேலால் பார்த்துவிட்டுத் தானே வாளியோடு வந்தாள். சமோவாக்காரி, தொழிற்சாலையில் இரவு வேலை, நித்திரை கொள்ள வேண்டிய நேரம். நான் அலுவலகத்துக்கு லீவு போட்டேன், மூவரும் பிடுங்கினோம். மாலினி பள்ளியால் வந்து உரித்தாள். ஒவ்வொரு விதைக்கும் உள்ளே பஞ்சு வைத்த ஒரு ஸ்லீப்பிங் பாக் இருக்கிறதாம்.

சனிக்கிழமைக்கு: பீன்ஸ் கறி, சில்வர்பீட் கூட்டு, பீட்ரூட் பொரியல், புது உருளைக்கிழங்கு, எலுமிச்சைச் சாதம், சாம்பார், ரசம், ருபார்ப் பச்சடி, வடை, பாயாசம். முதல் ஐந்துக்கும் பச்சடிக்கும் காய், கிழங்கு, பழம் எங்கள் மண். எழுதிப் பார்க்கவே பெருமை.

நவம்பர் 22, சனி

நல்ல வெயில். காலை ஆறு மணிக்கு மண்டபம்.

வந்ததும் இடி. குசினியில் கூரை விசிறி ஒன்று, லொறி போலச் சத்தம். ஒன்றும் கேட்காது. சரோவுக்குக் காதும் இல்லை என்றால்? விசிறியை நிறுத்தினால் விளக்கும் போகிறது, இரண்டும் ஒரே சுவிச். யன்னலோ சின்னது, அதையும் வெளியே ஒரு மரம் மறைக்கிறது.

சரோ சுவிச்சை இரண்டு தரம் போட்டு அணைத்துப் பார்த்தாள். பிறகு மாலினியை அதன் கீழ் ஒரு கதிரையில் ஏற்றிவிட்டாள். கடுகின் சத்தத்துக்கு இருட்டு, வடையின் நிறத்துக்கு வெளிச்சம். நாலு மணித்தியாலம் அப்படியே நடந்தது. எட்டிப் பார்த்தவர்கள் பியூஸ் போய்விட்டதா என்று கேட்டார்கள்.

ரசம் நுரை கட்டும்போது கூப்பிட்டாள். "சொல்லுங்கோ."

"பெருங்காயம் முன்னுக்கு நிக்குது. மிளகு பின்னால. மல்லி இல்லை."

"மல்லி இல்லையா?" திரும்பினாள். நறுக்கிய மல்லி அப்படியே பலகையில். மறந்திருக்கிறாள். அள்ளிப் போட்டுவிட்டு என் தோளில் ஒரு தட்டு. என் வாழ்க்கையில் கிடைத்த நல்ல சான்றிதழ் அது.

ஒரு மணிக்குப் பந்தி. ரசத்தைக் கோப்பையில் வாங்கிக் குடித்தார்கள். பச்சடி முதலில் முடிந்தது. லலிதா அக்கா பட்டுச் சேலையோடு குசினிக்குள் வந்தார்.

"சரோ, என்ன வாசனைடி இது! தெரு வரைக்கும் அடிக்குது. எப்படிப் பண்ணினே?"

சரோ கையைத் துடைத்தாள். நாலைந்து பேர் நின்றார்கள். "எனக்குத் தெரியாது அக்கா. யூலையில இருந்து எனக்கு மணம் தெரியாது. ஒண்டுமே."

"அடிப்பாவி. எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் வேற ஆளைப் பாத்திருப்பேனே!"

"அதாலதான் சொல்லேல்லை."

லலிதா அக்கா அவளைக் கட்டிக்கொண்டார். பட்டில் மாவு. இருவரும் சிரித்தார்கள். நான் பாத்திரம் கழுவப் போனேன்.

காரில் ஏறினோம். முதல் திருப்பத்தில்: "எல்லாரும் நல்லா இருக்கு எண்டினம். எனக்குத்தான் நான் என்ன சமைச்சன் எண்டு தெரியாது."

ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினேன். பீன்ஸ் கறி பச்சைப் புல்லும் நெய்யும். கூட்டு, வெயிலில் காய்ந்த சீலை. வடை, ஞாயிற்றுக்கிழமை. "ஞாயிற்றுக்கிழமை ஒரு மணமோ?" "ஓம்." வீடு வந்துவிட்டது. இன்னும் ஏழு மிச்சம். நிறுத்தாமல் தெருவை இரண்டு தரம் சுற்றினேன். மாலினி பின் சீற்றில் நித்திரை.

நவம்பர் 24, திங்கள்

புல் வெட்டியது. சரோ காலையில் தோட்டத்தில், வழக்கம்போல. ஒன்றும் இல்லை.

நவம்பர் 30, ஞாயிறு

முகில், புழுக்கம். முதல் தக்காளிப் பூ.

மெலேயின் புருஷன் வியாழன் பிடித்த மீனில் நாலு தலை தந்திருந்தார், பூசணிக் கன்றுக்கு உரம். அன்றே புதைத்தேன், ஆழம் போதவில்லை. இன்று காலை ஏதோ பூனை எல்லாவற்றையும் கிளறி வெளியே போட்டிருக்கிறது. ஈ. சொல்ல முடியாத நாற்றம். மூக்கைப் பொத்திக்கொண்டு மண்வெட்டி எடுத்தேன்.

சரோ ஈர உடுப்போடு கொடிக்கு வந்தாள். நின்றாள்.

"இஞ்சேருங்கோ."

"ஓம்?"

"என்ன இது, ஏதோ நாறுது?"

நான் மண்வெட்டியோடு திரும்பினேன். அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது. உடுப்பைப் புல்லில் போட்டுவிட்டு வந்து, பூசணிப் பாத்தியில் முழங்காலிட்டு, அழுகிய மீன் தலைக்கு நேரே குனிந்து இழுத்தாள். ஓங்காளித்தாள். கண்ணில் தண்ணீர். மறுபடி குனிந்து இழுத்தாள்.

நான் மண்ணைத் தள்ளப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மூடாதேங்கோ. இன்னும் கொஞ்ச நேரம் கிடக்கட்டும்."