இன்னும் உறையல

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நல்லா இருக்கேன்னு எழுதக் கை வரல. வேலைக்குப் போறேன், சாப்பிடுறேன். பாப்பாவுக்குச் சளி விட்டுருச்சா? பெரியம்மா பெரியம்மான்னு உங்களை ரொம்பப் படுத்துறாளா?

சகலை போன்ல சத்தம் போட்டார். இங்க வேலையும் பேசி வச்சாச்சு, புள்ளையும் இங்கதான் இருக்கு, நீ மட்டும் அங்க எதைக் கட்டிக்கிட்டு அழுவுறன்னு கேட்டார். முதலாளி விடலைன்னு சொன்னேன். அது பொய்க்கா. நான் கட்டிக்கிட்டு அழுவுறது ஃப்ரிட்ஜை.

உங்க தங்கச்சி ஆஸ்பத்திரிக்குக் கிளம்புன அன்னிக்குக் காலையில எலுமிச்சை ஜூஸ்ல குச்சி ஐஸ் ஊத்தி வச்சா. பாப்பாவுக்கு ஒண்ணு, அவளுக்கு ஒண்ணு. சாயங்காலம் வந்து எடுத்துத் தர்றேன்னு சொல்லிட்டுப் போனா. திரும்பி வரல. அது ரெண்டும் அப்படியே இருக்கு. வீட்டைக் காலி பண்ணிட்டு அங்க வரணும்னா ஃப்ரிட்ஜ் கரண்ட்டை நிறுத்தணும். ஊரார் வீட்டு ஃப்ரிட்ஜுக்கெல்லாம் யோசிக்காம ப்ளக்கைப் பிடுங்குற கை, இங்க மட்டும் வரமாட்டேங்குது.

கதவு ரப்பர் போயி உள்ள பனி ஏறிக்கிட்டே இருக்கு. குச்சி முனை மட்டும்தான் தெரியுது. ரப்பர் மாத்தணும்னா கதவைக் கழட்டணும். அதனால மாத்தல. பாலைக்கூட வெளியதான் வைக்கிறேன். பக்கத்து வீட்டம்மா பையன் தலையில இடிச்சுக்கிட்டான்னு ஐஸ் கேட்டு வந்தாங்க. இல்லைன்னேன். ஃப்ரிட்ஜ் மெக்கானிக் வீட்டுல ஐஸ் இல்லையா, நல்லா ரிப்பேர் பண்றீங்க போங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க.

ஐஸ் ஓரமெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கு, நடுவுல மட்டும் ஏன் வெள்ளையா இருக்குன்னு உங்க தங்கச்சி ஒருதடவை கேட்டா. வெளிப்பக்கம்தான் முதல்ல உறையும், தண்ணிக்குள்ள இருக்கிற காத்து நடுவுக்குப் போயி, வெளிய வர வழியில்லாம மாட்டிக்கும், அதான் வெள்ளைன்னேன். ஐயோ பாவம்னா. இப்ப அதுக்குள்ள இருக்கிறது அன்னிக்கு எங்க அடுக்களையில இருந்த காத்து. அவ நின்னு மூச்சு விட்ட அடுக்களை.

நேத்து பாப்பா போன்ல, அப்பா, அம்மா வச்ச ஐஸ் ஆயிடுச்சான்னு கேட்டா. இன்னும் உறையலடா கண்ணுன்னு சொன்னேன். அப்பா சரி பண்ணிடுவீங்கல்லன்னா. போனை வச்சுட்டேன்.

அக்கா, சளி சுத்தமா விட்டதும் அவளைக் கூட்டிக்கிட்டு ஒருதடவை இங்க வாங்க. ஒண்ணு அவளுக்கு. இன்னொண்ணு நீங்க சாப்பிடுங்க. முடிஞ்சதும் ப்ளக்கை நீங்களே பிடுங்கிடுங்க. உங்ககூடவே நானும் கிளம்பி வந்துடுறேன்.

அதுவரைக்கும் அவளைத் தண்ணியில ஆட விடாதீங்க. மறுபடி சளி பிடிச்சா என்னால தாங்க முடியாது.

இன்னமும் உங்க வீட்டு மாப்பிள்ளை